புகையறையும் கிணற்றுக் கயிறும்: தீயணைப்புப் பயிற்சியில் நான் கற்றவை

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எழுத்துத் தேர்விலும் உடல்திறன் தேர்விலும் தேறி, தாம்பரத்தில் உள்ள தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் மாநிலப் பயிற்சி மையத்துக்குச் சென்றவர்களில் நானும் ஒருவன். அடுத்து பயிற்சிக்குச் செல்லவிருக்கும் தம்பிகளும் தங்கைகளும் என்னிடம் பெரும்பாலும் ஓட்டத்தையும் கவாத்தையும் பற்றியே விசாரிக்கிறார்கள். அவை கடினமானவைதாம், ஆனால் நாளடைவில் உடல் பழகிக்கொள்ளும். ஆபத்துக்குள் நுழைந்தவர் உயிரோடு திரும்பி வருவதற்கென்றே கற்றுத் தரப்படும் செயல்முறைகளைத்தான் நான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஹோஸ் டிரில், அதாவது தண்ணீர்க் குழாயைக் கையாளும் பயிற்சி. சுருட்டிய ஹோஸை ஒரே வீச்சில் விரிப்பது, குழாய்களை இணைக்கும் கப்ளிங்கைப் பூட்டுவது, நீரைப் பீய்ச்சும் முனைக்குழாயான பிராஞ்சைப் பிடித்து நிற்பது என்று வெயிலில் திரும்பத் திரும்பச் செய்வோம். 63 மி.மீ. விட்டமும் 15 மீட்டர் நீளமும் கொண்ட ஹோஸில் நீர் நிரம்பினால் அந்த நீர் மட்டுமே 46 கிலோவுக்கு மேல் இருக்கும். 20 மி.மீ. முனையில் 7 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தத்தில் நீர் பாயும்போது, ஏறத்தாழ 45 கிலோ எடைக்குச் சமமான விசை பிராஞ்சைப் பின்னோக்கித் தள்ளும். பின்னால் நிற்பவர் தோள்கொடுத்துத் தாங்குவது ஏன் என்பது அந்த நொடியிலேயே விளங்கிவிடும்.

மூச்சுக் கருவிப் பயிற்சியில் எங்களுக்கு முதலில் கிடைத்தது கருவியன்று, ஒரு கணக்கு. 6 லிட்டர் கொள்ளளவுள்ள சிலிண்டரை 300 பார் அழுத்தத்துக்கு நிரப்பினால் அதில் சுமார் 1,800 லிட்டர் காற்று இருக்கும். நிமிடத்துக்கு 40 லிட்டர் வீதம் செலவானால் 45 நிமிடம் வரும். ஆயினும் அழுத்தம் 55 பார் அளவுக்கு இறங்கும்போது எச்சரிக்கை விசில் ஒலிக்கத் தொடங்கும். அதற்குப் பின் இருக்கும் காற்று வேலைக்கு உரியதன்று. ஆகவே கணக்கில் நிற்பது 36 நிமிடங்களே. பளு தூக்கியும் படியேறியும் மூச்சிரைக்கும் ஒருவருக்கு அதுவும் வெகுவாகக் குறையும். உள்ளே போக ஆன காற்றைவிடத் திரும்பி வரும் காற்று குறைந்துவிடக் கூடாது என்பதால், அழுத்தமானியைப் பார்த்துச் சொல்லும் பழக்கம் பேச்சோடு பேச்சாக வரும்வரை பயிற்றுநர் எங்களை விடவில்லை.

அதன் பிறகே புகையறை. மாஸ்க்கின் கண்ணாடிக்கு முன்னால் பிடித்த என் விரல்களே எனக்குத் தெரியவில்லை. சொந்த மூச்சின் ஒலி காதை அடைக்கிறது. முழங்காலிட்டு, ஒரு கையைச் சுவரிலிருந்து எடுக்காமல் நகர வேண்டும். வலக்கைப் பக்கச் சுவரைப் பற்றி நுழைந்தால், திரும்பும்போது அதே சுவர் இடக்கைக்கு வந்துவிடும். முன்னால் துழாவும் கையைப் புறங்கையாகவே நீட்ட வேண்டும். உள்ளங்கை மின்கம்பியில் பட்டால் தசை சுருங்கிக் கை கம்பியை இறுகப் பற்றிக்கொள்ளும். புறங்கை பட்டால் கை உள்நோக்கி மடங்கி விலகும். கட்டிலின் அடியையும் அலமாரியின் உள்ளையும் பார்க்காமல் ஓர் அறையைத் தேடி முடித்ததாகச் சொல்லக் கூடாது, ஏனெனில் பயந்த குழந்தைகள் வாசலை நோக்கி ஓடுவதைவிட ஒளிந்துகொள்வதே மிகுதி.

இதே பாடத்தில்தான் 2004 ஜூலை 16 அன்று நடந்த கும்பகோணம் பள்ளித் தீவிபத்தும் பேசப்பட்டது. ஓலைக் கூரையும் குறுகிய படிக்கட்டும் கொண்ட அந்தக் கட்டடத்தில் 94 குழந்தைகளை இழந்தோம். வண்டியிலிருந்து இறங்கியவுடன் கூரை எதனால் ஆனது, படிகள் எத்தனை, வேறு வழி உண்டா என்று கட்டடத்தை ஒருமுறை கண்ணால் அளந்துவிட வேண்டும் என்று பயிற்றுநர் வற்புறுத்தியதை இன்றும் ஒவ்வொரு அழைப்பிலும் கடைப்பிடிக்கிறேன்.

இவை எல்லாவற்றையும்விட நம் ஊருக்கு இன்றியமையாதது கிணற்று மீட்பு என்பது என் உறுதியான கருத்து. தூர்வாரவோ மோட்டாரைப் பழுது பார்க்கவோ இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க அண்ணன் இறங்குவார். அண்ணனைத் தூக்க அடுத்தவர். கடைசியில் மூவரையும் சடலமாக மீட்க நேரும். நெடுநாள் புழங்காத கிணற்றில் உயிர்வளி (ஆக்சிஜன்) குறைந்திருக்கும். மட்கிய சேற்றிலிருந்து ஹைட்ரஜன் சல்பைடு எழும்பியிருக்கும். உள்ளே டீசல் எஞ்சினை ஓட்டியிருந்தால் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்திருக்கும். ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்பார்கள். செறிவு கூடினால் அதுவே மூக்கை மரத்துப்போகச் செய்துவிடும் என்பதால் நாற்றம் நின்றது நல்ல அறிகுறி ஆகாது. காற்றில் வழக்கமாக 20.9 விழுக்காடு இருக்க வேண்டிய உயிர்வளி, 19.5-க்குக் கீழே போனாலே வாயுமானி ஒலியெழுப்பும். எனவே முதலில் இறங்குவது வாயுமானிதான். மூச்சுக் கருவி அணிந்த வீரர் அதற்குப் பின்னரே.

அந்த வீரரின் உடலில் எப்போதும் இரண்டு கயிறுகள் இருக்கும்: ஒன்று வேலைக்கு, மற்றொன்று காவலுக்கு. இறங்குமுன் கயிற்றை முழம் முழமாகக் கையில் ஓட்டிப் பார்ப்போம். நூல் பிரிந்திருந்தாலும், ஓரிடத்தில் மட்டும் மெலிந்தோ விறைத்தோ இருந்தாலும் அந்தக் கயிறு ஒதுக்கப்படும். கிணற்று விளிம்பில் கயிறு உராயும் இடத்தில் மடித்த சாக்கை வைப்போம். கீழே மயங்கிக் கிடப்பவருக்குச் சேர் நாட் எனும் நாற்காலி முடிச்சைப் போட வேண்டும். ஒரு வளையம் அக்குளுக்கு அடியிலும் மற்றொன்று முழங்காலுக்கு அடியிலும் அமைந்தால், நாற்காலியில் உட்கார்ந்தவர்போல அவர் மேலே வருவார். இழுத்த இழுத்த கயிறு கைமாறும்போது ஒரு சாண்கூட நழுவாமல் இருக்க ஒருவர் மட்டுமே ஆணை கொடுப்பார். ஊரே சூழ்ந்து நின்று கத்தினாலும் காதில் அந்த ஒரு குரல் மட்டுமே விழ வேண்டும்.

கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்குவதற்கும் முறை உண்டு. கயிறு தோலை அறுக்கும் என்பதால் பழைய ஹோஸை அடிவயிற்றில் முன்னும் பின்னுமாக இரண்டு இடங்களில் கொடுத்துத் தூக்குவோம். மிரண்ட மாட்டின் கொம்புக்கும் காலுக்கும் எட்டாத பக்கமாக நிற்பது முக்கியம்.

பயிற்சிக்குச் செல்பவர்கள் இப்போதே செய்துகொள்ளக் கூடியவை சில உள்ளன. நீச்சல் தெரியாதவர்கள் உடனே கற்றுக்கொள்ளுங்கள். உடல்திறன் தேர்வுக்காகக் கயிறு ஏறிப் பழகியதைத் தேர்வு முடிந்ததும் நிறுத்திவிடாதீர்கள். தாடி வைத்திருப்பவர்கள் அதை மழித்துவிட வேண்டியிருக்கும். மாஸ்க்கின் விளிம்பு முகத்தில் முழுமையாகப் படியாவிட்டால் காற்று வீணாகக் கசியும். ஒரு முழக் கயிற்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பேருந்தில் போகும்போதுகூட முடிச்சுகளைக் கண்ணை மூடிப் போட்டுப் பழகுங்கள். அங்கே வெளிச்சத்தில் முடிச்சுப் போடும் வாய்ப்பு உங்களுக்கு அதிகம் கிடைக்காது.