சீட்டில் எழுதியிருந்தது 'பூச்சிக் கடி'

அப்பாவின் ஓ.பி. சீட்டில் இருந்தது அந்த இரண்டு வார்த்தைதான். கொசு கடித்தாலும் அதைத்தான் எழுதுவார்கள். அப்பாவைக் கொட்டியது கதண்டு, கூட்டமாகக் கொட்டும் பெரிய குளவி. பண்ருட்டிப் பக்கம் அந்தப் பெயரைக் கேட்டால் சின்னப் பிள்ளையும் ஓடும்.

முந்திரிக்கொட்டை பொறுக்கப் போனவர். வேலியோரப் பனையில் கூடு இருந்திருக்கிறது. நுங்குக்காகப் பையன்கள் கல் விட்டிருக்கிறார்கள். அவர்கள் ஓடிவிட்டார்கள், அறுபத்திரண்டு வயதுக்காரர் மாட்டிக்கொண்டார். துண்டால் அடித்துக் கொன்றது இன்னும் வினையாகிவிட்டது: நசுங்கிய கதண்டின் வாடைக்குக் கூட்டில் மிச்சமிருப்பவையும் வந்துவிடும். தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு ஓட்டம் பிடிப்பதுதான் வழி.

108 சீக்கிரமே வந்தது. முதலில் போன ஆஸ்பத்திரியில் இரண்டு ஊசி போட்டு, மூச்சும் ரத்த அழுத்தமும் சரியாக இருக்கிறது, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். விஷமுறிவு மருந்து ஏன் போடவில்லை என்று பெரியப்பா சண்டைக்கே போய்விட்டார். பாம்புக்குப் போடுவது கதண்டுக்கு உதவாது. அதில் அவர்கள் மேல் குற்றமில்லை. என் ஆத்திரமெல்லாம், சிறுநீரின் நிறத்தைக் கவனியுங்கள் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லையே என்பதுதான்.

மறுநாள் காலை, "சூட்டு உடம்பு, கடுங்காப்பி மாதிரி போகிறது" என்றார் அப்பா. அம்மா இளநீர் வெட்ட ஆள் தேடினார். எனக்கு என்னவோ உறுத்தியது. பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் பிடித்துத் தரச் சொன்னேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால், பாட்டிலுக்குப் பின்னால் இருந்த என் விரல் தெரியவில்லை.

வாடகைக் கார் பிடித்துப் புதுச்சேரிக்கு ஓடினோம். அங்கே டாக்டர் சீட்டைப் பார்க்கவில்லை, பாட்டிலைத்தான் பார்த்தார். எத்தனை கொட்டு என்றார். எங்களுக்குத் தெரியவில்லை, நர்ஸ் சட்டையைக் கழற்றி எண்ணினார், 43. விஷம் தசையையும் ரத்தச் சிவப்பணுக்களையும் சிதைக்கிறதாம், அந்தக் கசடு போய்ச் சிறுநீரகத்தை அடைக்கிறதாம். இத்தனை கொட்டு வாங்கியவரை ஒரு நாளாவது படுக்கவைத்துப் பார்த்திருக்க வேண்டும் என்றார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் அளவு 1.2க்குள் இருக்க வேண்டியது, 4.8. டயாலிசிஸ்.

அடுத்த கேள்வி, முன்பு என்ன ஊசி போட்டார்கள்? வலி ஊசிகளில் சில சிறுநீரகத்துக்கு ஆகாதவையாம். சீட்டில் அது இல்லை. தம்பி இரண்டு பஸ் மாறிப் பழைய ஆஸ்பத்திரிக்குப் போனான். பதிவேட்டுக்காரர் சாப்பிடப் போயிருக்கிறார் என்று மூன்று மணி நேரம் உட்காரவைத்தார்கள். வந்தவர், நோயாளியே நேரில் வந்து எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். டயாலிசிஸ் இயந்திரத்தோடா? போனில் இருந்த அப்பாவின் படத்தைத் தம்பி நீட்டியிருக்கிறான். அதையும் பார்க்காமல் நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டார். வெளியே வந்தவனைக் கூப்பிட்டு, ஊசி அறை நோட்டைப் புரட்டி, இரண்டு மருந்தின் பெயரையும் ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தது அங்கே வேலை பார்க்கும் ஒரு அக்கா. அந்த மகராசி நன்றாக இருக்கட்டும்.

ஆகவே, சீட்டைக் கையில் வாங்கியதும் நகர்ந்துவிடாதீர்கள். எது கொட்டியது, எத்தனை, எத்தனை மணிக்கு, என்ன ஊசி எல்லாவற்றையும் எழுதச் சொல்லி நில்லுங்கள். முறைத்தால் முறைக்கட்டும். கொட்டு அதிகமென்றால் சிறுநீரும் கிரியாட்டினினும் அன்றே பார்க்கச் சொல்லுங்கள், மறுநாளும் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வாமை உடம்புக்காரர்களுக்கு எண்ணிக்கையே வேண்டாம்; ஒரு கொட்டு போதும். நாக்கு தடித்தாலோ மூச்சு இழுத்தாலோ சுண்ணாம்பு தேடிக்கொண்டிருக்காதீர்கள், உடனே தொடையில் அட்ரினலின் ஊசி போட்டாக வேண்டும்.

கூட்டை ஒருநாள் இருட்டிய பிறகு தீயணைப்புத் துறையினர் வந்து எரித்தார்கள். நாமே பந்தம் கட்டுகிறோம் என்று கிளம்பிய பங்காளிகளை அம்மாதான் தடுத்து வைத்திருந்தார்.

நான்கு டயாலிசிஸ் ஆனது. பன்னிரண்டாம் நாள் காலையில், "வெளுத்துப் போகிறதடி!" என்று அப்பா வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார். வீட்டுக்கு வந்து பார்த்தால், ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவி அடுப்படியில் கவிழ்த்து வைத்திருந்தார் அம்மா. எடுத்துக் குப்பையில் போட்டேன்.