சேணம் இறக்கிய பிறகு: கோசாக் அதிகாரிகளின் புலம்பெயர் வாழ்வு

ஜார் கால ரஷ்யாவில் போர்ச்சேவையே கடமையாக வாழ்ந்த சமூகம் கோசாக்குகள். அவர்களின் குதிரைப்படையில் சேர்ந்தவர் குதிரை, சேணம், ஷாஷ்கா வாள், சீருடை எல்லாவற்றையும் சொந்தச் செலவில் கொண்டுவர வேண்டியிருந்தது. துப்பாக்கி மட்டும்தான் அரசு கொடுத்தது. 1920 நவம்பரில், உள்நாட்டுப் போரில் போல்ஷிவிக்குகளிடம் தோற்ற ஜெனரல் ரங்கேலின் படை கிரிமியாவை விட்டுக் கிளம்பியபோது சுமார் 1,45,000 பேர் கப்பல் ஏறினார்கள். குதிரைகளுக்கு இடமில்லை. தோன் ஆற்றுப்பகுதிக் கோசாக்குகள் கெர்ச் துறைமுகத்தில் விட்டுப்போனது அவரவர் வீட்டுச் சொத்தை.

முதலில் இஸ்தான்புல்லுக்கு மேற்கே சிலிங்கிர் முகாம். ஆட்டுக்கொட்டகைகளில் நெருக்கியடித்துத் தங்கவைத்ததால் காலரா பரவியது. அடுத்து கிரேக்கத்தின் லெம்னோஸ் தீவு. 1921இலிருந்து பால்கன் நாடுகள்: யூகோஸ்லாவியாவில் எல்லைக்காவல், சாலை வேலை, பல்கேரியாவில் பெர்னிக் நிலக்கரிச் சுரங்கம்.

உண்மையான சிக்கல் காகிதத்தில்தான் இருந்தது. 1921 டிசம்பரில் சோவியத் அரசு இவர்களின் ரஷ்யக் குடியுரிமையைப் பறித்தது. 1922 ஜூலையில் ரஷ்ய அகதிகளுக்காக வந்த நான்சன் சான்றிதழ் ஆளை அடையாளம் காட்டும், அவ்வளவுதான். கொடுத்த நாட்டுக்கே திரும்பிவரும் உரிமையை அது தரவில்லை. ஆகவே கையில் வேலை ஒப்பந்தம் இல்லாமல் எல்லை தாண்டினால் இரண்டு பக்கமும் கதவு அடைபடும். ஒப்பந்தம், பிறகு விசா, போய்ச் சேர்ந்ததும் அடையாள அட்டை: பிரான்சுக்குப் போனவர்களின் வரிசை இதுதான். அட்டையில் தொழிலும் எழுதப்பட்டிருக்கும். 1926ஆம் ஆண்டுச் சட்டப்படி முதல் ஒரு வருடம் அந்தத் தொழிலை மாற்ற முடியாது. பட்டாளத்தில் எசவுல் (கேப்டன் நிலை) பதவி வகித்தவரும் பில்லான்கூர் ரெனோ கார் ஆலையில் கூலியாகத்தான் தொடங்க வேண்டும்.

டாக்ஸி ஓட்ட ஓட்டுநர் தேர்வோடு பாரிஸ் தெருக்களும் மனப்பாடமாக வேண்டும். ஆனாலும் அதிகாரிகள் அதைத்தான் விரும்பினார்கள்; தலைக்கு மேல் மேஸ்திரி இல்லை. பகலில் ஆலைக்கும் டாக்ஸிக்கும் போனவர்கள் ஓய்வு நேரத்தில் ஸ்தனீத்சா என்ற ஊர்ச்சபை கூட்டி அத்தமான் என்ற தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். மெய்க்காவல் கோசாக் ரெஜிமென்ட்டின் அருங்காட்சியகம் பாரிஸை ஒட்டிய கூர்பவ்வாவில் இன்றும் இருக்கிறது. கூலிக்காசில் இதைக் காப்பாற்றியது பெரிய சாதனை.

இரண்டாம் உலகப்போரில் ஒரு பகுதியினர் ஜெர்மனி பக்கம் சேர்ந்தது பெரும் பிழை. அதற்காக 1945 மே 28 அன்று ஆஸ்திரியாவில் பிரிட்டிஷ் ராணுவம் செய்தது நியாயமாகிவிடாது. நேச நாடுகளின் யால்டா ஒப்பந்தம் சோவியத் குடிமக்களை மட்டுமே திருப்பி அனுப்பச் சொன்னது. சோவியத் குடிமக்களாக என்றுமே இருந்திராத பழைய அதிகாரிகளையும், மாநாடு என்று சொல்லி லாரிகளில் ஏற்றி, யூடன்பர்க்கில் சோவியத் படையிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அப்படி ஒப்படைக்கப்பட்ட ஜெனரல்கள் கிராஸ்னோவ், ஷ்குரோ இருவரும் 1947 ஜனவரியில் மாஸ்கோவில் தூக்கிலிடப்பட்டார்கள்.