சுளுக்குக்கு எதற்கு எம்.ஆர்.ஐ.?

படியில் கால் பிசகியது, வீங்கியது, எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு இல்லை என்று வந்தது. இதுவரை எல்லாருக்கும் நடப்பதுதான்.

அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் டாக்டர் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "லிகமென்ட், அதாவது எலும்புகளைப் பிணைக்கும் நார், கிழிந்திருக்கும், ஆபரேஷன் தேவைப்படலாம்" என்று எம்.ஆர்.ஐ.க்குச் சீட்டு எழுதிவிட்டார். கவுன்டரில் அதற்கு மேல்: "ஒரு நாள் அட்மிட் ஆகிடுங்க சார், இன்சூரன்ஸ்ல வந்துடும்." வராது. பரிசோதனைக்காக மட்டும் படுத்தால் பணம் கிடையாது என்று பாலிசியிலேயே இருக்கிறது, எடுத்துப் படித்துப் பாருங்கள். எக்ஸ்ரேயை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அரசு மருத்துவமனையில் வரிசை நீளம்தான். ஆனால் அங்கிருந்த டாக்டர் கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அழுத்திப் பார்த்தார், நாலடி நடக்கச் சொன்னார். லிகமென்ட் முழுசாகக் கிழிந்தாலும் பெரும்பாலும் ஆபரேஷன் இல்லாமலே சேர்ந்துவிடுமாம். ஆறு வாரம் கழித்தும் கால் மடங்கினால் எம்.ஆர்.ஐ. பார்க்கலாம், மாவுக்கட்டு வேண்டாம், கணுக்காலை இறுக்கிப் பிடிக்கும் பைண்டர் போட்டு வலி தாங்கும் அளவுக்கு நட என்றார். பைண்டர் என்று கேட்டால் மருந்துக்கடையில் காலுறை மாதிரி ஒன்றை நீட்டுவார்கள், வாங்காதீர்கள். கயிறு போட்டு இறுக்குகிற வகையைக் கேளுங்கள்.

வீட்டில் வேறு போராட்டம். இரட்டைப் பிள்ளை பெற்றவள் நீவினால் சரியாகிவிடும் என்று அத்தை ஆளையே கூட்டி வந்துவிட்டார். முதல் சில நாட்களில் எண்ணெய் போட்டு உருவினால் வீக்கம் ஏறும் என்று சொல்லி அனுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. துண்டில் சுற்றிய ஐஸை 15 நிமிடம் வைத்து, காலைத் தலையணை மேல் தூக்கிப் போட்டதில்தான் வலி அடங்கியது. கிரேப் பேண்டேஜைக் கட்டியபின் விரல் மரத்துப்போனால் உடனே தளர்த்துங்கள்.

பிசியோதெரபிதான் உண்மையான வைத்தியம். பிசியோ காலால் காற்றில் அ, ஆ எழுதச் சொன்னார். 'ஔ' எழுதும்போது உயிர் போகும். அப்புறம் பல் தேய்க்கும்போது ஒற்றைக்காலில் நிற்பது, கொஞ்சம் பழகியதும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பது. வீக்கம் வடிந்ததும் இதை விட்டுவிடுகிறவர்களுக்குத்தான் அதே கால் திரும்பத் திரும்பப் பிசகுகிறதாம்.

போன வாரம் குதிகால் தரையில் பட முழுசாகக் குந்தி உட்கார்ந்தேன். அந்தத் தைரியத்தில் திருவண்ணாமலை கிரிவலம் போகலாமா என்று பிசியோவிடம் கேட்டேன். "வெறுங்காலில் 14 கிலோமீட்டரா? முதல்ல தெருமுனை வரைக்கும் ஓடிக் காட்டுங்க."