உடைந்த ஊசிப் பதிவேட்டில் தொடங்கியது

தையல் கூடத்தில் ஊசி உடைந்தால் சும்மா தூக்கிப் போட மாட்டார்கள். உடைந்த துண்டு ஒவ்வொன்றையும் தேடி எடுத்து, ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் தேதி, நேரம், மெஷின் எண், தைத்தவர் பெயர் எல்லாம் எழுதிக் கொடுத்தால்தான் புது ஊசி கிடைக்கும். துணிக்குள் ஒரு துண்டு தங்கிப் போய் அதை உடுத்துகிறவரைக் குத்திவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. தொழிலாளர் நலம், சுற்றுச்சூழல் என்று கடந்த சில வருடங்களாக எங்கள் கம்பெனியில் நாங்கள் செய்த மாற்றங்கள் எல்லாம் அப்படி ஒரு நோட்டைப் புரட்டியதில்தான் தொடங்கின.

நாங்கள் வேலையிட உடைகளும் பாதுகாப்புச் சாதனங்களும் விற்கிறோம். ஓவரால், வெளிச்சம் பட்டால் மின்னும் ஒளிர்பட்டை வைத்த ஜாக்கெட், மழைக்கோட்டு, சேஃப்டி ஷூ, கையுறை, ஹெல்மெட். எதையும் நாங்களே தயாரிப்பதில்லை. ஆர்டர் கொடுத்து வாங்கி, வாடிக்கையாளர் கம்பெனியின் லோகோ போட்டு அனுப்புகிறோம். நான் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். ஒருமுறை பெரிய டெண்டர் ஒன்றோடு நீளமான கேள்வித்தாள் வந்தது. உங்கள் உடையைத் தைப்பவர்கள் வாரத்துக்கு எத்தனை மணி நேரம் வேலை செய்கிறார்கள், துணிக்கு எங்கே சாயம் போடுகிறார்கள், கழிவுநீர் எங்கே போகிறது, பஞ்சு எங்கிருந்து வருகிறது என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். எங்களிடம் விலை, அளவு, டெலிவரி தேதி மூன்றும் விரல்நுனியில் இருந்தன. இந்தக் கேள்விகள் ஒன்றுக்கும் பதில் இல்லை.

முதலில் எல்லா சப்ளையர்களுக்கும் ஒரு விதித்தொகுப்பை அனுப்பிக் கையெழுத்து வாங்கினோம். அதற்கு அடிப்படையாக எத்திக்கல் டிரேடிங் இனிஷியேட்டிவின் விதிகளை எடுத்துக்கொண்டோம். தொழிலாளர் உரிமைகளுக்காக, கம்பெனிகள், தொழிற்சங்கங்கள், தொண்டு அமைப்புகள் மூன்றும் சேர்ந்து 1998-ல் பிரிட்டனில் தொடங்கிய அமைப்பு அது. அந்த விதிகளில் 9 அம்சங்கள். கட்டாய வேலை கூடாது, சங்கம் சேர உரிமை வேண்டும், குழந்தைத் தொழில் கூடாது, வாழப் போதுமான சம்பளம் வேண்டும் என்று போகும். வேலை நேரத்துக்கும் கணக்கு உண்டு. வழக்கமான வேலை வாரத்துக்கு 48 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. ஓவர்டைமும் சேர்த்து, சில விதிவிலக்கான சூழ்நிலைகள் தவிர, 60 மணி நேரம். ஏழு நாளில் ஒரு நாளாவது விடுப்பு.

கையெழுத்துகள் இரண்டு வாரத்தில் வந்துவிட்டன. ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை, ஒரு திருத்தம் சொல்லவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. அதனால் ஜாக்கெட் தைக்கும் ஆலைக்கு, வேலை நிலைமையைச் சோதிக்கும் ஆடிட்டர் போனபோது நானும் கூடப் போனேன்.

வருகைப் பதிவேடு அவ்வளவு சுத்தமாக இருந்தது. காலை வந்த நேரம், மாலை போன நேரம், வார விடுமுறை, எல்லாம் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில். ஆடிட்டர் அதை மூடி வைத்துவிட்டு உடைந்த ஊசிப் பதிவேட்டைக் கேட்டார். மூன்று மாதப் பக்கங்களைப் புரட்டி ஓரிடத்தில் விரலை வைத்தார். ஞாயிற்றுக்கிழமை, இரவு 10.40, மெஷின் 17, ஊசி இரண்டாக உடைந்தது. இரண்டு துண்டும் டேப்புக்கு அடியில் மின்னிக்கொண்டிருந்தன. வருகைப் பதிவேட்டின்படி அன்று ஆலைக்கே விடுமுறை.

மெஷின் 17-ல் இருந்த பெண்ணிடம் தனியாகப் பேசினோம். முதலில் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம் என்னிடம், “அக்கா, உங்க ஜாக்கெட்தான் தைச்சோம். பட்டையை எல்லாம் பிரிச்சு மறுபடி தைக்கச் சொன்னாங்க. மூணு ஞாயித்துக்கிழமை தொடர்ந்து வந்தோம்” என்றார். ஓவர்டைம் பணம் கிடைத்ததா என்று கேட்டேன். தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட் மட்டும்தான் கிடைத்ததாம்.

முதலாளி மறுக்கவில்லை. அறைக்குள் கூப்பிட்டுத் தன் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். “மேடம், நீங்க அனுப்பின மெயிலோட தேதியையும் அந்த ஊசி உடைஞ்ச தேதியையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க.” வைத்துப் பார்த்தேன். சாம்பிளுக்கு ஒப்புதல் கொடுக்க நாங்கள் பன்னிரண்டு நாள் தாமதம் செய்திருந்தோம். துணி வெட்டும் வேலை முடிந்த பிறகு பட்டை வரும் இடத்தை மாற்றச் சொல்லியிருந்தோம். டெலிவரி தேதியை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளவில்லை. அந்த மெயிலை அனுப்பியது நான்தான்.

அவர் இரட்டைக் கணக்கு வைத்ததையும் ஓவர்டைம் கூலியைக் கொடுக்காததையும் நான் நியாயப்படுத்தவில்லை. அது தவறு, பாக்கியைக் கொடுக்க வைத்தோம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகளை உண்டாக்கியவர்கள் நாங்கள். அதற்கு விதித்தொகுப்பில் ஒரு வரி கிடையாது. சப்ளையர் எங்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாரே தவிர, நாங்கள் அவருக்கு எதற்கும் கையெழுத்துப் போடவில்லை.

திரும்பி வந்ததும் ஆலையை மாற்றிவிடலாம் என்று கம்பெனியில் சிலர் சொன்னார்கள். மாற்றினால் அந்தப் பெண்ணுக்கு வேலை போகும், அடுத்த ஆலையின் நோட்டில் வேறொரு ஊசி ஒட்டியிருக்கும். நான் பிடிவாதமாக நின்றேன். சண்டை என்றே சொல்லலாம். கடைசியில் எங்கள் பக்கத்துக்கும் விதிகள் எழுதினோம். வெட்டு வேலை தொடங்கிய பிறகு மாற்றம் கேட்டால் டெலிவரி தேதி தானாகத் தள்ளிப் போகும். சாம்பிள் ஒப்புதலில் நாங்கள் எத்தனை நாள் தாமதிக்கிறோமோ அத்தனை நாள் அவர்களுக்குக் கூடுதலாகக் கிடைக்கும். ஆறு மாதத்துக்கு என்ன தேவைப்படும் என்ற கணக்கை முன்கூட்டியே கொடுப்போம். விலை பேசும்போது கூலியைத் தனி வரியாகப் பிரித்து வைப்போம், அந்த வரியில் பேரம் கிடையாது. விற்பனைப் பிரிவினருக்கு இது பிடிக்கவில்லை. அவர்கள் வாடிக்கையாளரிடம் ‘முடியாது’ என்று சொல்லப் பழக ஒரு வருடம் ஆனது.

இதே வழியில் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆடிட் அறிக்கையை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்து 1,100-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தில் இயங்கிய ஆலைகளில் சிலவற்றுக்கு ஆடிட் ஏற்கனவே நடந்திருந்தது. முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளங்களில் இருந்த வங்கியையும் கடைகளையும் மூடினார்கள். தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் உள்ளே வரச் சொன்னார்கள். உள்ளே போக மாட்டோம் என்று சேர்ந்து சொல்ல அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்திருந்தால் என்று நினைக்காத நாள் இல்லை. அதனால்தான் 9 அம்சங்களில் சங்கம் சேரும் உரிமையை நான் முதலில் பார்க்கிறேன். அது இருக்கும் ஆலையில் மற்றவற்றை ஆடிட்டர் வராத நாளிலும் தொழிலாளர்களே பார்த்துக்கொள்வார்கள்.

கையுறை விஷயம் வேறு மாதிரி. ரப்பர் கையுறை செய்யும் ஆலைகளில் வேறு நாட்டிலிருந்து வந்து வேலை செய்பவர்கள் அதிகம். எங்கள் படிவத்தில், ‘வேலைக்குச் சேர்க்கத் தொழிலாளரிடம் கட்டணம் வாங்குகிறீர்களா?’ என்று இருந்தது. ஆலை ‘இல்லை’ என்று எழுதியது. பொய்யும் இல்லை. ஆலை வாங்கவில்லை. ஊரில் இருந்த ஏஜென்ட் வாங்கினார், அவருக்குக் கீழே இருந்த இன்னொருவரும் வாங்கினார். பிறகு கேள்வியை மாற்றி, தொழிலாளர்களிடமே அவர்கள் மொழியில் கேட்க வைத்தோம்: “இங்கே வர எவ்வளவு கடன் வாங்கினீர்கள்? இன்னும் எவ்வளவு பாக்கி?” ஒவ்வொருவருக்கும் பதில் மனப்பாடமாகத் தெரிந்திருந்தது. கடன் தீரும் வரை வேலையை விட்டுப் போக முடியாதவரிடம், ‘விருப்பப்பட்டுத்தான் வேலை செய்கிறீர்களா?’ என்று கேட்டு என்ன பயன்? ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளர் தலையில் கட்டக் கூடாது என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் கொள்கை. பணத்தைத் திருப்பிக் கொடுக்க ஆலை ஒத்துக்கொண்டது. நாங்களும் அந்த ஆலையிடம் வாங்கும் மற்ற சில கம்பெனிகளும் பங்கு போட்டோம். தவணை தவணையாகக் கொடுத்து முடிக்க நீண்ட காலம் பிடித்தது.

சுற்றுச்சூழல் பக்கம் எளிதாக இருக்கும் என்று நினைத்துத்தான் இறங்கினேன். பாலித்தீன் பையிலிருந்து ஆரம்பித்தோம். சட்டைக்கு ஒரு பை என்று வந்துகொண்டிருந்ததை அடியோடு நிறுத்தினோம். அடுத்த சரக்கு ஈரம் ஏறிக் கறையோடு வந்தது, அதில் ஒரு பகுதி வீணாகிவிட்டது. ஒரு உடையைத் தயாரிக்கச் செலவாகும் தண்ணீரையும் மின்சாரத்தையும் பார்த்தால் அதைக் காப்பாற்றும் பை ஒன்றுமே இல்லை. இப்போது பத்து உடைக்கு ஒரு பை.

ஷூவில் வேறு சிக்கல். தோலைப் பெரும்பாலும் குரோமியம் உப்பு போட்டுத்தான் பதனிடுகிறார்கள். அதில் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியம். பதனிடுவது சரியில்லாமல், சூட்டிலும் வறண்ட காற்றிலும் தோல் கிடந்தால், அதில் ஒரு பகுதி ஆறு இணைதிறன் குரோமியம் என்ற வேறு வகையாக மாறிவிடும். அது போடுகிறவரின் சருமத்தில் அலர்ஜியைக் கொண்டுவரும். உடம்பில் படும் தோல் பொருட்களில் அது கிலோவுக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று 2015 மே மாதம் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விதி. ஆலையில் சோதித்தபோது தேறிய எங்கள் ஷூ, கன்டெய்னரில் வந்து கிடங்கில் கிடந்த பிறகு எடுத்துச் சோதித்தபோது தேறவில்லை. அதிலிருந்து மாதிரித் தோலைச் சூட்டில் வைத்துப் பழசாக்கிய பிறகு சோதிக்கச் சொல்கிறோம். பதனிடும் ஆலையின் கழிவுநீர்ச் சோதனை அறிக்கையையும் சேர்த்தே கேட்கிறோம். உடுத்துகிறவரின் தோலுக்கு ஆகாதது அந்த ஆலையின் பக்கத்தில் ஓடும் தண்ணீருக்கும் ஆகாது.

மழைக்கோட்டில்தான் நான் நினைத்தது நடக்கவில்லை. தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓட, துணியின் மேல் புளோரின் கலந்த பூச்சு பூசுவது பழைய வழக்கம். அந்த வகை இரசாயனங்கள் மண்ணிலும் நீரிலும் அழியாமல் தங்கிவிடும். அவற்றில் பி.எஃப்.ஓ.ஏ என்பதை 2019-ல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். நாங்கள் புளோரின் இல்லாத பூச்சுக்கு மொத்தமாக மாறினோம். மழைக்கு நன்றாகவே தாங்கியது. ஆனால் எண்ணெயும் டீசலும் படும் இடத்தில் வேலை செய்பவர்களின் கோட்டு சீக்கிரமே எண்ணெயை உறிஞ்சிக்கொண்டது. புளோரின் இல்லாத பூச்சு தண்ணீரைத் தடுக்கும், எண்ணெயைத் தடுக்காது. அந்த வேலைகளுக்கு மட்டும் பழைய வகையைத் திரும்பக் கொடுத்தோம். மனசில்லாமல்தான் கொடுத்தேன். பூமியைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லி, எண்ணெயில் ஊறிய கோட்டை ஒருவர் மேல் மாட்டி நெருப்புப் பக்கத்தில் நிறுத்த முடியாது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பலன் வந்தது ஒரு சாதாரண விஷயத்தில். ஒரு உடை எத்தனை நாள் உழைக்கிறது என்பதில்தான். ஒளிர்பட்டை ஜாக்கெட்டின் லேபிளில் எத்தனை சலவை வரை தாங்கும் என்று போட்டிருப்பார்கள். மலிவான பட்டை சீக்கிரம் மங்கிவிடும், துணி புதிதாகவே இருந்தாலும் ஜாக்கெட்டைக் கழித்தாக வேண்டும். நல்ல பட்டைக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தால் இரண்டு ஜாக்கெட்டின் வேலையை ஒன்றே செய்கிறது. முட்டி கிழிந்த பேன்ட்டுக்கு ஒட்டு, போன ஜிப்புக்கு மாற்று என்று பழுதுபார்க்கும் வேலையையும் தொடங்கினோம். தீ தாங்கும் உடையை மட்டும் கண்ட நூலில் தைக்கக் கூடாது. நூலும் ஒட்டுத் துணியும் அதே தரத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தையல் போட்ட இடத்தில்தான் முதலில் எரியும்.

கழித்த உடைகளை என்ன செய்வது என்பதுதான் இன்னும் திருப்தியாக முடியவில்லை. பாலியஸ்டரும் பருத்தியும் கலந்த துணியைப் பிரித்து மறுபடி நூலாக்குவது கடினம். அதோடு, லோகோ போட்ட சட்டை வெளியில் போனால் யாராவது அதைப் போட்டுக்கொண்டு தங்கள் வளாகத்துக்குள் நுழைந்துவிடுவார் என்று வாடிக்கையாளர்கள் பயப்படுகிறார்கள். அதனாலேயே நல்ல உடைகள்கூட எரிக்கப்பட்டு வந்தன. இப்போது லோகோவைத் துணியில் அச்சடிக்காமல், பிரித்தெடுக்கக்கூடிய பட்டையாகத் தைக்கிறோம். பட்டையை எடுத்ததும் நல்லது மறுபயன்பாட்டுக்கும், மோசமானது கிழித்துத் துடைக்கும் துணிக்கும் போகிறது.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் விற்பனைப் பிரிவிலிருந்து கேட்டார்கள், ஜாக்கெட்டில் பாக்கெட்டை இடம் மாற்ற முடியுமா என்று. வெட்டு வேலை முடிந்திருந்தது. மாற்றலாம், டெலிவரி ஒன்பது நாள் தள்ளும் என்று எழுதினேன். வாடிக்கையாளர் யோசித்துவிட்டு, பாக்கெட் இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அடுத்த முறை ஆலைக்குப் போனபோது ஊசிப் பதிவேட்டை நானே கேட்டு வாங்கிப் பார்த்தேன். அந்த வாரம் இரண்டு ஊசி உடைந்திருந்தது. இரண்டும் பகலில்.