ஐந்து பெயர்கள் கூடியதால் இரண்டு ஆண்டுகள்

டெக்சாஸில் பிள்ளைகளைப் பள்ளி அணிக்கு அனுப்பும் பெற்றோரே, பள்ளிகளை மாணவர் எண்ணிக்கைப்படி விளையாட்டுப் பிரிவுகளில் சேர்க்கும் பிப்ரவரிப் பட்டியலுக்காகக் காத்திருக்காதீர்கள். அதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. நான் தாமதமாகத்தான் அறிந்தேன்.

2024 பிப்ரவரி 1 அன்று, டெக்சாஸ் பள்ளிப் போட்டிகளை நடத்தும் அமைப்பான யூ.ஐ.எல். இரண்டு ஆண்டுகளுக்கான புதிய பிரிவுகளை வெளியிட்டது. 5-ஏ பிரிவில் ஆடிவந்த எங்கள் பள்ளி, மிகப் பெரிய பள்ளிகளுக்கான 6-ஏ ஆகிவிட்டது. அம்முறை 6-ஏ பிரிவு 2,275 மாணவர்களில் தொடங்கியது. எங்கள் கணக்கு 2,279, 5-ஏ எல்லையைவிட ஐந்து பேர் கூடுதல். அக்டோபர் கடைசி வெள்ளிக்கிழமை எடுத்த தலைக்கணக்கு அது. அதற்கு முன்பே ஊரைவிட்டுப் போன ஏழு பிள்ளைகளின் பெயர்கள் பதிவேட்டில் அப்படியே இருந்திருக்கின்றன. அவர்களில் இருவர் என் மகளின் வாலிபால் அணி. வழியனுப்பு விருந்து எங்கள் வீட்டில்தான் நடந்தது!

பதிவு அலுவலகத்துக்கு ஓடினேன். “கணக்கு எப்போதோ போய்விட்டது” என்று சொல்லிவிட்டு அங்கிருந்த பெண்மணி அடுத்தவரை அழைத்தார். அரைநாள் விடுப்பு எடுத்து, 340 கையெழுத்துகளுடன் கல்வி மாவட்ட அலுவலகம் போனேன். பெற்றோர் மனு செல்லாது, பள்ளி நிர்வாகம்தான் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்றார்கள். அதிலும் பிரிவை மாற்றக் கேட்க முடியாது. விரும்பினால் மேலே ஏறலாம், கீழே இறங்க வழியில்லை. அதே பிரிவுக்குள், ஒன்றோடொன்று ஆடும் பள்ளிகளின் குழுவை மட்டும் மாற்றக் கேட்கலாம். விட்டுப்போகும் குழுவிலும் சேரும் குழுவிலும் எல்லாப் பள்ளிகளும் சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் யூ.ஐ.எல்.-இன் மேல்முறையீட்டுக் குழு தீர்மானிக்கும். ஒரு பள்ளி மறுத்தது. மேல்முறையீட்டுக் குழுவும் கைவிரித்தது.

பிறகு செவ்வாய்க்கிழமை ஆட்டங்களுக்கு 150 கிலோமீட்டர் பஸ். நள்ளிரவில் வீடு திரும்பும் மகள் காலையில் வேதியியல் தேர்வு எழுதினாள். பக்கத்து ஊர்ப் பள்ளியோடு நடக்கும் பழைய ஆட்டம் நின்றுபோனது. அந்த ஒரு இரவின் டிக்கெட் பணத்தில்தான் சிறிய அணிகளுக்குச் சீருடை வாங்குவார்கள். இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு அணிக்கு ஆளே சேரவில்லை. இரண்டாண்டு ஏற்பாடு என்கிறார்கள், ஆனால் இப்போது சேராத பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு அணியிலும் இருக்கப்போவதில்லை.

2025இல், அடுத்த தலைக்கணக்குக்கு முன், செப்டம்பரிலேயே மூன்று பெற்றோர் அதே அலுவலகம் போனோம். ஊர் மாறிய குடும்பங்களிடம் கேட்டு, புதிய பள்ளியில் சேர்ந்ததற்கான கடிதங்களை வாங்கிக்கொண்டே போனோம். வெறும் வாய்ச்சொல்லை யாரும் ஏற்கமாட்டார்கள். அதே பெண்மணி ஒவ்வொன்றாகப் பார்த்து, பதினோரு பெயர்களை எங்கள் கண்முன்னே நீக்கினார். என் மகள் 2026இல் பள்ளி முடிக்கிறாள். வீட்டுக்கு வந்து சொன்னதும், “பதினொன்றா?” என்று இரண்டுமுறை கேட்டாள்.