எங்கள் தெரு டிரான்ஸ்பார்மரும் முறைத்தண்ணீரும்

சென்ற சித்திரையில் ஒரு நாள் இரவு பத்தரை மணிக்கு எங்கள் தெருவில் பாதி வீடுகளுக்கு மட்டும் மின்சாரம் நின்றது. எதிர் வீட்டில் மின்விசிறி சுற்றியது, எங்கள் வீட்டில் சுற்றவில்லை. பாளையங்கோட்டையின் சித்திரைப் புழுக்கத்தை அறிந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை. அரை மணி நேரத்தில் வந்த வயர்மேன், டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் டார்ச் அடித்துப் பார்த்து, எரிந்துபோன பியூஸ் கம்பியை மாற்றினார். திரும்பும் வழியில் எங்கள் வாசலில் சார்ஜர் செருகியபடி நின்ற காரைக் கண்டதும் வண்டியை நிறுத்தினார். "அண்ணாச்சி, லோடு பூராவும் இந்த ஒரு பேஸ்லதான் கெடக்கு. எல்லா வீட்லயும் ஏசி ஓடுத நேரத்துல காரையும் போட்டா எப்படித் தாங்கும்? ராத்திரி ஒரு மணிக்கு மேல போடுங்களேன்" என்றார். மின்வாகனங்களுக்கான ஸ்மார்ட் சார்ஜிங், அதாவது கம்பியில் உள்ள லோடைப் பார்த்து நேரமும் அளவும் மாற்றி ஏற்றுவது, பற்றி நான் படித்திருந்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கிவிட்டது.

எல்லோரும் மின்வாகனம் வாங்கினால் கரண்டுக்கு எங்கே போவது என்று கேட்பவர்கள் பலர். கூடங்குளத்தில் தலா 1000 மெகாவாட் திறனுள்ள இரண்டு அணு உலைகள் ஓடுகின்றன, பாபநாசத்தில் நீர்மின் நிலையம் இருக்கிறது, பணகுடியிலிருந்து கயத்தாறு வரை காற்றாலைகள் நிற்கின்றன. நம் ஊர்ப்பக்கம் முதலில் எழ வேண்டிய கேள்வி உற்பத்தியைப் பற்றியதன்று. அங்கே பிறக்கும் மின்சாரம் தெருமுனை டிரான்ஸ்பார்மரைத் தாண்டி வீட்டுக்குள் வரும் கடைசி இருநூறு மீட்டரில்தான் சிக்கல் இருக்கிறது.

ஒரு சிறு கணக்கு. 100 கே.வி.ஏ. திறனுள்ள டிரான்ஸ்பார்மர் ஒன்று முழு லோடில் ஒரு பேஸுக்கு, அதாவது தெருவுக்கு வரும் மூன்று மின்கம்பிகளில் ஒன்றுக்கு, சுமார் 133 ஆம்பியர் தரும். சுவரில் மாட்டும் 7 கிலோவாட் கார் சார்ஜர் ஒன்று ஏறத்தாழ 32 ஆம்பியர் இழுக்கும். ஒரே பேஸில் இருக்கும் நான்கு வீட்டுக்காரர்கள் இரவு ஒன்பது மணிக்கு ஒன்றாகச் செருகினால், அந்தப் பேஸில் மற்றவர்களின் மிக்ஸிக்கும் மின்விசிறிக்கும் கூட மிச்சம் இராது. மின்னோட்டம் இரு மடங்கானால் டிரான்ஸ்பார்மரின் சுருளில் எழும் வெப்பம் நான்கு மடங்காகும். அந்த வெப்பத்தில் எண்ணெய்க்குள் இருக்கும் காப்புக் காகிதம் சிறிது சிறிதாக நொறுங்கிப் போகும். பியூஸ் போனால் அன்றிரவே தெரிந்துவிடும், காகிதம் போவது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரியும்.

இத்தனைக்கும் அவசரம் எதுவும் கிடையாது என்பதுதான் வேடிக்கை. நான் நாள்தோறும் கங்கைகொண்டான் சிப்காட்டுக்குப் போய்வருவது நாற்பது கிலோமீட்டர், அதற்கு ஏழு யூனிட் போதும். சாதாரண 16 ஆம்பியர் பிளக்கில் போட்டாலும் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலாகும். ஆனால் கார் இரவு எட்டு மணி முதல் காலை ஆறு மணி வரை வாசலில் சும்மாதான் நிற்கிறது. பத்து மணி நேரத்தில் எந்த இரண்டு மணி நேரம் என்பதை யார் தீர்மானிப்பது என்பதே ஸ்மார்ட் சார்ஜிங்கின் முழு விஷயம். சார்ஜருக்கும் காருக்கும் இடையே இதற்கான பேச்சு ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது. சுவர் சார்ஜரின் கேபிளில் உள்ள ஒரு மெல்லிய கம்பியில் வினாடிக்கு ஆயிரம் முறை ஒரு துடிப்பு போகிறது. அந்தத் துடிப்பு எவ்வளவு அகலமோ, அதற்கேற்ற ஆம்பியருக்கு மேல் கார் எடுக்காது. அகலத்தைக் குறைத்தால் 32 ஆம்பியர் 6 ஆம்பியருக்கு இறங்கிவிடும். மடைப்பலகையை இறக்குவதைப் போன்றது இது.

தாமிரவருணிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் புதுமை ஏதுமில்லை. பாளையங்கால்வாயில் தண்ணீர் குறையும்போது முறை வைத்துத்தான் பாயும். எல்லா மடைகளையும் ஒன்றாகத் திறந்தால் தலைமடைக்காரர் நிறைய எடுத்துக்கொள்வார், கடைமடை காயும். மின்கம்பியிலும் அதே கதைதான்: டிரான்ஸ்பார்மருக்கு அருகிலிருக்கும் வீட்டில் 230 வோல்ட் இருக்கும்போது, தெருக்கோடி வீட்டில் டியூப்லைட் கண் சிமிட்டும். வயலுக்கு ஒரு நீர்பாய்ச்சி இருந்தார், அவர் வாய்க்காலைப் பார்த்து மடையைத் திறந்தார். டிரான்ஸ்பார்மரில் இப்போது எவ்வளவு லோடு என்று பார்த்துச் சார்ஜருக்குச் சொல்லும் ஆள்தான் தெருவில் இல்லை.

விலையைக் கொண்டே மக்களை நகர்த்திவிடலாம் என்பது அரசின் வழி. 2023இல் திருத்தப்பட்ட மத்திய விதிகளின்படி, நேரவாரியாகக் கணக்கெடுக்கும் ஸ்மார்ட் மீட்டர் பொருத்தப்பட்ட நுகர்வோருக்கு, விவசாயம் நீங்கலாக, சூரிய ஒளி நேரத்தில் கட்டணம் குறைவாகவும் உச்ச நேரத்தில் கூடுதலாகவும் இருக்க வேண்டும். நல்லதுதான். ஆனால் மலிவு நேரம் நள்ளிரவில் தொடங்குவதாக வைத்துக்கொண்டால், தெருவிலுள்ள எல்லாக் கார்களும் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு விழித்துக்கொள்ளும், பத்தரை மணிக்குப் போன பியூஸ் பன்னிரண்டு மணிக்குப் போகும். பிரிட்டனில் 2022 முதல் நடைமுறையில் உள்ள விதிகள் இதை முன்கூட்டியே யோசித்திருக்கின்றன: புதிதாக விற்கப்படும் வீட்டுச் சார்ஜர் ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்குள் ஏதோ ஒரு அளவு, ஒன்றுக்கொன்று வேறாக, தாமதித்தே தொடங்க வேண்டும். கடிகாரத்தை மட்டும் நம்பாத ஏற்பாடு அது.

நமக்கு ஏற்ற நேரம் பிரிட்டனுடையதாக இருக்க வேண்டியதில்லை. சித்திரை, வைகாசியில் ஏசிகள் ஓடும் முன்னிரவைத் தவிர்த்து, வேலையிடத்து நிறுத்தத்தில் பகல் வெயிலில் ஏற்றலாம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று இரவிலும் வீசுவதால் பின்னிரவு பொருந்தும். ஒரே அட்டவணையை ஆண்டு முழுவதும் ஓட்டுவது இந்தச் சீமைக்குச் சரிப்படாது.

எங்கள் தெருவில் இப்போது மூன்று மின்வாகனங்கள். டீச்சர் வீட்டு ஸ்கூட்டர் பதினொன்றரைக்கு, கோடி வீட்டுக் கார் ஒரு மணிக்கு, என்னுடையது மூன்றரைக்கு என்று வாயாலேயே முறை வைத்துக்கொண்டோம். போன வாரம் மாலையில் ஒரு மணி நேரம் மின்தடை ஏற்பட்டு, ஏழரைக்கு மின்சாரம் திரும்பியது. டீச்சர் வீட்டில் மாட்டியிருந்த மலிவான டைமர் நேரத்தை மறந்து ஸ்கூட்டரை உடனே தொடக்கிவிட்டது. என் கார் தன் நேரத்தை நினைவில் வைத்திருந்தது, கோடி வீட்டுக் கார் வைத்திருக்கவில்லை. கோடி வீட்டுக்காரர் லுங்கியோடு ஓடி வந்து பிளக்கைப் பிடுங்கியதை நான் திண்ணையிலிருந்து பார்த்தேன்.