894.811 இறாக்கையில் என் சனிக்கிழமைகள்

கிழமை நாட்களில் எனக்குக் கணக்குப் பிரிவில் வேலை. சனிக்கிழமை காலையில் வீட்டுக்குப் பக்கத்திலிருக்கும் நூலகத்துக்குப் போய்விடுவேன், தொண்டர் வேலை, இரண்டு வருடம் ஆகிறது. கொழும்பில் நூலகம் என்றால் விகாரமகாதேவி பூங்காவுக்கு எதிரே இருக்கும் பெரிய பொது நூலகம்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். 1925இல் தொடங்கியது அது. எங்களுடையது சின்னது. மூன்று மொழிக்கும் இறாக்கைகள், இரண்டு நீள மேசைகள், பாஸ்ட் பேப்பர் செய்துகொண்டிருக்கும் உயர்தர மாணவர்கள், காலைப் பேப்பருக்காகக் காத்திருக்கும் வயதானவர்கள்.

முதல் நாள் என்னைத் திகதி முத்திரை குத்த இருத்துவார்கள் என்றுதான் நினைத்தேன். பொறுப்பாளர் நேரே தமிழ்ப் பக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், "நீங்கள் தமிழ் வாசிப்பீர்கள்தானே, இதை ஒருக்கால் ஒழுங்குபடுத்தித் தர ஏலுமா?" என்று சிங்களத்தில் கேட்டார். அங்கே வேலை செய்பவர்களில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் அப்போது யாரும் இல்லை. புத்தகங்கள் உயரப்படி நின்றன. பெரியது ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம், பார்வைக்கு அழகாக. ஆனால் தேடிவருகிறவருக்கு ஒன்றும் கிடைக்காது.

இடம் மாறி வைத்த புத்தகமும் தொலைந்த புத்தகமும் ஒன்றுதான், இதை நான் அங்கேதான் விளங்கிக்கொண்டேன். பதிவேட்டில் இருக்கும், கட்டடத்துக்குள்ளும் இருக்கும், கேட்டவர் கைக்கு மட்டும் வராது.

நூலகங்களில் புத்தகங்களை விஷயவாரியாகப் பிரித்து இலக்கம் போடும் டூவி முறையில் ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று மூன்று இலக்கம் போதும். தமிழ் இலக்கியத்துக்கு 894.811, அதற்குப் பின்னால் கவிதை என்றால் 1, நாடகம் என்றால் 2, நாவல், சிறுகதை என்றால் 3. அமெரிக்காவில் 1876இல் வந்த ஏற்பாடு, அதில் எங்களுக்குக் கிடைத்த இடம் அவ்வளவுதான். எங்கள் கவிதைப் புத்தகங்களோ விரல் தடிப்புக்கூட இல்லாதவை, இவ்வளவு நீளமான இலக்கத்தை அந்த முதுகில் ஒட்டினால் பாதி முன்னட்டைக்கும் பாதி பின்னட்டைக்கும் வளைந்து போய்விடும், வெளியே தெரிவது நடுவிலுள்ள 4.8 மட்டும். ஒவ்வொன்றாக உருவி எடுத்துப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

இலக்கம் சரிவந்த பிறகு எழுத்தாளர் பெயர்ப்படி அடுக்க வேண்டும். இதுதான் பெரிய பாடு. எங்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, முன்னால் நிற்பது தகப்பன் பெயரின் முதலெழுத்து. தெரியாதவர் அந்த முதலெழுத்தைப் பார்த்து அடுக்கினால் பாதி எழுத்தாளர்கள் 'க'விலும் மீதிப் பேர் 'எஸ்' என்பதற்காக 'எ'யிலும் போய்க் குவிவார்கள். ஒரே ஆள் ஒரு புத்தகத்தில் 'சி.' என்று போட்டிருப்பார், அடுத்ததில் 'எஸ்.' என்று போட்டிருப்பார். இரண்டு புத்தகமும் இரண்டு தட்டில், ஒன்றையொன்று காணாமல் வருடக்கணக்காக இருந்திருக்கின்றன.

நான் சனிக்கிழமை அடுக்கி வைத்தால் வெள்ளிக்கிழமைக்குள் எல்லாம் கலைந்துவிடும். திரும்பி வரும் புத்தகங்களை உள்ளே வைப்பது அங்கே வேலை செய்யும் ஒரு சிங்கள அக்கா. நல்ல கவனமான மனுசி, எழுத்துத்தான் தெரியாது. சரி, எழுத்தையே சொல்லிக் கொடுப்போம் என்று ஒரு மட்டையில் க, ங, ச, ஞ, ட என்று எழுதி, பக்கத்தில் சிங்கள எழுத்தையும் எழுதிக் கொடுத்தேன். பார்த்த உடனே முகம் மலர்ந்துவிட்டது. வரிசை அவருக்குத் தெரிந்த வரிசைதான்! ககரத்துக்குப் பிறகு சகரம், பிறகு டகரம், தகரம், பகரம், கடைசியில் ய, ர, ல, வ. சிங்களத்திலும் அப்படியே வரும், அவர்களிடம் இடையில் சில எழுத்துகள் கூட, எங்களிடம் கடைசியில் ழ, ள, ற, ன. 'கோ' ஏன் ககரத்தில் போகிறது, முன்னால் வேறொரு எழுத்து நிற்கிறதே என்று கேட்பார் என்று பயந்திருந்தேன். விரலை அதன்மேல் வைத்து, "நங்கி (தங்கச்சி), இது கொம்புவதானே" என்றார். நாங்கள் கொம்பு என்கிறோம், அவர்கள் கொம்புவ என்கிறார்கள். முப்பது வருடம் இந்த ஊரில் இருந்தும் இது எனக்குத் தெரியாமல் இருந்தது எப்படி என்று அன்றைக்கு முழுக்க யோசித்தேன். த, ந இரண்டும் அவருக்குக் கொஞ்ச நாள் குழம்பின, பிறகு அதுவும் பிடிபட்டுவிட்டது. அந்த மட்டை இன்னும் இறாக்கையின் பக்கப் பலகையில் ஒட்டியிருக்கிறது.

அப்புறம் அந்த ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், மகளோடு இங்கே இருக்கிறார். ஒரு பழைய சிறுகதைத் தொகுப்பைக் கேட்டு மூன்று சனிக்கிழமை வந்தார். பதிவேட்டில் இருந்தது, இறாக்கையில் இல்லை. நான்காவது கிழமை 'எ' வரிசையைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் கிடைத்தது. கடற்காற்றில் ஓரமெல்லாம் பழுப்பேறி, பூச்சி துளைத்த இரண்டு பொட்டுகளோடு. அவர் கையில் கொடுத்தேன், அட்டையைப் பார்க்கவில்லை, முதலில் திருப்பிக் கொடுக்கும் திகதியைப் பார்த்துச் சட்டைப் பையிலிருந்த டயரியில் குறித்துக்கொண்டார்.

"நான் பிந்தமாட்டன் பிள்ளை" என்றார். பிறகு தானாகவே சொன்னார். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது அவர் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தாராம். அங்கே எடுத்த இரண்டு புத்தகங்கள் வீட்டில் இருந்தன. கிட்டத்தட்ட 97,000 புத்தகங்களும் சுவடிகளும் சாம்பலாகிவிட்டன, அவர் கையில் மட்டும் இரண்டு மிச்சம். "குடுக்கிறதுக்கு இடம் இல்லாமப் போச்சு." பழைய வேட்டித் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்திருக்கிறார், 1995 போர்க்கால இடப்பெயர்வில் பெட்டி வீட்டோடு போய்விட்டது. என்ன புத்தகங்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

தவணைக்கு இன்னும் நாள் இருக்க, அடுத்த சனிக்கிழமையே கொண்டுவந்தார். வாசகர்கள் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டுப் போக வேண்டும், நாங்கள்தான் உள்ளே வைப்போம், அது ஒழுங்கு. ஐயா மேசையடியில் நின்றுகொண்டு, "நானே வைக்கட்டோ?" என்று கேட்டார். அக்காவைப் பார்த்தேன். அவர் தலையசைத்துவிட்டு, தானே முன்னால் போய்ச் சரியான தட்டைக் காட்டினார். ஐயா புத்தகத்தை உள்ளே விட்டு, மற்றவற்றின் முதுகோடு நேராக வரும்வரை விரலால் மெல்ல மெல்லத் தள்ளிக்கொண்டிருந்தார்.